“இனிக் கவலையில்லை” என்று நான் சொன்னது தவறு



கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்திநாலு வருஷம் வகுப்பில் நின்றவள் நான்.

மூன்று வாரம் முன்பு நம் பழைய மாணவர் குழுவில், 2009இல் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண் தன் இரண்டு வயது மகனின் படத்தைப் போட்டிருந்தாள். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். “எல்லாம் சரியாயிடுச்சு டீச்சர், உங்க ஆசீர்வாதம்” என்று எழுதியிருந்தாள். அறுபது பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். நானும் “ரொம்ப சந்தோஷம்மா, இனிக் கவலையில்லை” என்று தட்டினேன். அனுப்பும் முன் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அழித்தேன். அவளுக்குத் தனியாகப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினேன். “இதை எல்லாருக்கும் எழுதுங்க டீச்சர்” என்று அவள்தான் சொன்னாள்.

ஏன் அழித்தேன் என்றால், அதே வார்த்தைகளை 1998இல் இன்னொரு தாயிடம் சொன்னவள் நான்.

அவன் ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்து சேர்ந்தான். வயது பதினொன்று, பார்த்தால் எட்டு என்பார்கள். உதடும் நகமும் நாவற்பழம் தின்ற மாதிரி இருக்கும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மற்ற பிள்ளைகள் நிற்கும்போது இவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவான். பி.டி. மாஸ்டர் சோம்பேறி என்று திட்டினார். நானும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவன் உடம்பு தானாகவே கண்டுபிடித்த வைத்தியம் அது. காலை மடக்கி உட்கார்ந்தால் கால் பக்கம் ரத்தம் போவது தடைப்பட்டு, கூடுதலாகக் கொஞ்சம் ரத்தம் நுரையீரலுக்குத் திரும்பும். மூச்சு கொஞ்சம் இலகுவாகும்.

அவனுக்கு இருந்தது டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ. 1888இல் ஃபேலோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த நான்கு கோளாறுகளின் கூட்டு. இரண்டு கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல். பெருந்தமனி அந்த ஓட்டையின் மேல் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். இவற்றால் வலது கீழறையின் தசை தடித்துப்போகும். அசுத்த ரத்தம் நுரையீரலுக்குப் போகாமலே உடம்புக்குள் கலந்துவிடும், அதனால்தான் நீலம்.

பள்ளியில் உண்டியல் வைத்தோம். ஊரில் இரண்டு ரைஸ் மில்காரர்கள் கொடுத்தார்கள். சென்னையில் ஆபரேஷன் நடந்தது. திரும்பி வந்தபோது அவன் உதடு சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்து அவன் அம்மா அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்: “இனிக் கவலையில்லைம்மா. எல்லாம் முடிஞ்சுது.”

சயின்ஸ் டீச்சர் சொன்னால் வேதவாக்கு. இரண்டு வருஷம் செக்கப்புக்குப் போனார்கள். பஸ் செலவு, கூலி நஷ்டம். பையனும் நன்றாக ஓடி ஆடினான். “டீச்சரே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்களே” என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு இருபத்து மூன்று வருஷம் அந்த இதயத்தை யாரும் பார்க்கவில்லை.

அவன் இப்போது வயரிங் வேலை பார்க்கிறான். மனைவி, ஒரு மகள். 2023இல் ஒரு கல்யாண மண்டபத்தில் படி ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். பிறகு நான் துருவிக் கேட்டபோது, ஒரு வருஷமாகவே டூல்ஸ் பையை இரண்டாவது மாடியில் கீழே வைத்து நின்றுவிட்டுத்தான் மூன்றாவது மாடிக்குப் போகிறான் என்று தெரிந்தது. “வயசாகுது, தொப்பை போட்டுருச்சு டீச்சர்” என்றான்.

பக்கத்து ஊரில் எக்கோ எடுத்தார்கள். ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். “ஈ.எஃப். 60 சதவீதம், இடது கீழறையின் இயக்கம் நார்மல்.” நானும் நிம்மதியாகி, டாக்டராக இருக்கும் என் அண்ணன் மகனுக்கு அதை அனுப்பினேன். அவன் ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டான். “அத்தை, இவருக்கு ஆபரேஷன் நடந்தது வலது பக்கம். இந்த ரிப்போர்ட்ல வலது பக்கத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?”

நான் எழுத வந்த விஷயம் இந்த ஒரு கேள்விதான். இதில் ஒரு சின்னப் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈ.எஃப். என்றால் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன். கீழறை நிரம்பும்போது 100 மில்லி ரத்தம் இருந்தால், ஒரு துடிப்பில் அதில் எத்தனை மில்லியை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. 60 தள்ளினால் 60 சதவீதம். முழுவதையும் எந்த இதயமும் தள்ளாது, ஆகவே 60 என்றால் ஃபெயில் மார்க் இல்லை, நல்ல மார்க். ஆனால் சாதாரணமாக ஈ.எஃப். என்று எழுதுவது இடது கீழறையின் மார்க். மாரடைப்பு வந்தவருக்குப் பார்க்க வேண்டிய முதல் இடம் அது. இவனுக்குப் பார்க்க வேண்டிய முதல் இடம் வேறு.

ஃபேலோ ஆபரேஷனில் ஓட்டையை ஒட்டுப்போட்டு மூடுவார்கள். நுரையீரலுக்குப் போகும் குறுகிய வழியை வெட்டி அகலப்படுத்துவார்கள். பலருக்கு அந்த இடத்தில் இருக்கும் வால்வு ரொம்பச் சிறியதாக இருக்கும். உயிரைக் காப்பாற்ற அதை விட்டுக்கொடுத்துத்தான் வழியை அகலப்படுத்த முடியும். அது டாக்டர் செய்த தப்பில்லை, அந்த நேரத்தில் செய்ய வேண்டிய சரியான காரியம். ஆனால் கதவில்லாத வாசலாகிவிடுகிறது. வலது கீழறை நுரையீரலுக்குத் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி அதற்குள்ளேயே வடிகிறது. தள்ளியதையே மறுபடி தள்ள வேண்டும். கிணற்றிலிருந்து ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பவர் கதை.

வலது கீழறை பொறுமைசாலி. பத்து வருஷம், இருபது வருஷம், வெளியே காட்டிக்கொள்ளாமல் இந்த வேலையைச் செய்யும். செய்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விரியும். அளவுக்கு மேல் விரிந்தபின் தசை தளரும், துடிப்பின் தாளம் கெடும். அப்போதுதான் நமக்குத் தெரியும்.

சரி, எக்கோவில் ஏன் தெரியவில்லை? தெரியும், தேடினால். இடது கீழறை ஒரு துப்பாக்கிக் குண்டின் வடிவம், அளப்பது சுலபம். வலது கீழறை நெஞ்செலும்புக்குப் பின்னால், இடது கீழறையைச் சுற்றிப் பிறை மாதிரி வளைந்து படுத்திருக்கிறது. எக்கோவில் அதற்கென்று தனி அளவுகள் உண்டு, வால்வு கசிவையும் பார்க்கலாம். ஆனால் ‘இவருக்கு ஃபேலோ ஆபரேஷன் நடந்திருக்கிறது’ என்று எக்கோ எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவனிடம் டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. வீடு மாறியபோது கரையான் தின்ற பெட்டியோடு போய்விட்டது. “சின்ன வயசுல ஓட்டைக்கு ஆபரேஷன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ஓட்டை மூடித்தான் இருந்தது. ஆகவே நார்மல்.

பிறகு அண்ணன் மகன் சொன்னபடி, பிறவி இதயக் கோளாறு உள்ள பெரியவர்களைப் பார்க்கும் நிபுணரிடம் போனோம். இதய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வலது கீழறையின் கொள்ளளவைத் திருத்தமாக அளக்க அதுதான் நம்பகமான வழி. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லி என்று கணக்குச் சொல்வார்கள். ஆரோக்கியமானவருக்குச் சுமார் 100 அல்லது அதற்கும் குறைவு. 160ஐ நெருங்கும்போது வால்வு வைப்பது பற்றி டாக்டர்கள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். இவனுக்கு 172. இசிஜியில் கியூ.ஆர்.எஸ். என்ற அலையின் அகலத்தையும் பார்த்தார்கள். சாதாரணமாக 120 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டியது. ஃபேலோ ஆபரேஷன் நடந்தவர்களுக்கு அது அகலமாகத்தான் இருக்கும், ஆனால் 180ஐத் தாண்டினால் ஆபத்தான தாளக்கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று தொண்ணூறுகளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இவனுக்கு 170. ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை மாட்டினார்கள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டு சைக்கிள் மிதிக்கவிட்டு, உடம்பு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று அளந்தார்கள்.

அந்த சைக்கிள் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. “உனக்கு மூச்சு வாங்குதா?” என்று கேட்டால் இவன் மாதிரி ஆட்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை. பிறந்ததிலிருந்து முழு மூச்சு என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் அவர்கள். எதை வைத்து ஒப்பிடுவார்கள்? இரண்டாவது மாடியில் பையை இறக்கி வைக்கப் பழகிக்கொள்வார்கள். அதனால்தான் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் உழைக்கவிட்டு அளக்க வேண்டியிருக்கிறது. ஆறு நிமிஷம் நடக்கவிட்டு எத்தனை மீட்டர் என்று பார்க்கும் எளிய பரிசோதனையும் உண்டு.

சென்ற வருஷம் அவனுக்கு வால்வு வைத்தார்கள். நன்றாக இருக்கிறான். வலது கீழறை சுருங்கியிருக்கிறது, முழுவதும் பழைய நிலைக்கு வரவில்லை. இன்னும் ஐந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, அவன் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் தரையைப் பார்த்தேன்.

இப்போது சிலர் கேட்பீர்கள்: “அப்படின்னா ஆபரேஷன் அன்னிக்கே நல்ல வால்வா வச்சிட வேண்டியதுதானே? எதுக்கு இத்தனை வருஷம் அளந்துக்கிட்டே இருக்கணும்?” நியாயமான கேள்வி. திசுவில் செய்த வால்வு ஆயுசுக்கும் வராது. பத்துப் பதினைந்து வருஷத்தில் தேயும், குழந்தைக்கு வைத்தால் இன்னும் சீக்கிரம். ரொம்ப முன்னால் வைத்தால் வாழ்நாளில் ஆபரேஷன்களின் எண்ணிக்கை கூடும். ரொம்பப் பின்னால் வைத்தால் தசை மீளாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சரியான காலம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தொடர்ந்து அளப்பதுதான். நான் உங்களுக்கு வருஷம் முழுவதும் தேர்வு வைத்தது எதற்கு? காலாண்டில் 80, அரையாண்டில் 70, அடுத்த தேர்வில் 62 என்று வந்தால் இந்தப் பிள்ளை சரிகிறது என்று தெரியும். தனியாக அந்த 62ஐ மட்டும் பார்த்தால் “பாஸ்தானே” என்று போய்விடுவோம். இதயத்துக்கும் பிராக்ரஸ் கார்டு வேண்டும், ஒற்றை மார்க் போதாது.

இது ஃபேலோவுக்கு மட்டுமல்ல. பெருந்தமனியின் குறுகலைச் சரிசெய்தவருக்கு இதயம் நன்றாகத் துடித்தாலும் ரத்த அழுத்தம் ஏறலாம். கையிலும் காலிலும் பி.பி. பார்த்து ஒப்பிட வேண்டும், சரிசெய்த இடம் மறுபடி குறுகுகிறதா, வீங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தமனிகள் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளுக்கு இப்போது தமனிகளையே மாற்றி வைக்கிறார்கள். அவர்களுக்கு இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வேறு முறையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளும் வேலையை வலது கீழறையே செய்துகொண்டிருக்கும். ஒரே கீழறையோடு பிறந்து ஃபான்டன் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஈரலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு. “எக்கோ நார்மல்” என்ற இரண்டு வார்த்தை இவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில் ஆகாது.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். சின்ன ஓட்டையோ, மூடாமல் நின்ற குழாயோ குழந்தையிலேயே சுத்தமாக அடைக்கப்பட்டு, மிச்சம் எதுவும் இல்லை என்றால் அடிக்கடி அலைய வேண்டியதில்லை. எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று டாக்டரே சொல்வார். என் கட்சி இவ்வளவுதான்: “இனி வர வேண்டாம்” என்பதை இதய நிபுணர் சொல்லட்டும். பஸ் கட்டணம் சொல்லக்கூடாது. சொந்தக்காரர் சொல்லக்கூடாது. டீச்சரும் சொல்லக்கூடாது.

உறவுகளிடம் ஒரு கசப்பான விஷயம் பேச வேண்டும். நம் வீடுகளில் பெண் குழந்தைக்கு நெஞ்சில் தழும்பு இருந்தால், வரன் பார்க்கும் வயசில் முதலில் காணாமல் போவது அவள் ஃபைல்தான். “பழைய கதையைக் கிளறாதே, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?” என்று பரண்மேல் போட்டுவிடுகிறோம். செக்கப்பும் நிற்கிறது. பிறகு அவள் கர்ப்பமாகிறாள். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. அந்தப் பாரத்தை இந்த இதயம் தாங்குமா என்பது கல்யாணத்துக்கு முன்பே அளந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆபரேஷன் ஆன பெண்களில் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள், தகுந்த கண்காணிப்போடு. மறைத்துவைத்த வீட்டில் அந்தக் கண்காணிப்பு எப்படி நடக்கும்? ரிப்போர்ட்டைக் கண்டு ஓடுகிற மாப்பிள்ளை, போகட்டும் விடுங்கள். இன்னும் நல்லவன் வருவான்.

அரசிடமும் ஒரு கோரிக்கை. குறை சொல்லவில்லை. 1998இல் நாங்கள் உண்டியல் குலுக்கினோம். இன்று காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2013இலிருந்து தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் குழு வந்து, பிறந்ததிலிருந்து 18 வயதுவரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. இது பெரிய மாற்றம். ஆனால் 18 வயதோடு அந்தப் பட்டியல் முடிகிறது. குழந்தை டாக்டர் “பெரியவனாயிட்டே” என்கிறார். பெரியவர்களைப் பார்க்கும் டாக்டருக்கோ மாரடைப்புதான் அன்றாட வேலை. நடுவில் இந்தப் பிள்ளைகள் நழுவுகிறார்கள். காப்பாற்றச் செலவழித்த அரசு, காப்பாற்றியது நிலைத்திருக்கிறதா என்று அளக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆபரேஷன் ஆன ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை: என்ன கோளாறு, என்ன செய்தார்கள், எதை எப்போது அளக்க வேண்டும் என்று தமிழில். ரேஷன் கார்டு அளவுக்கு அது பத்திரமாக இருக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நீங்கள் செய்ய வேண்டியது:

வீட்டில் யாருக்காவது குழந்தையாக இருந்தபோது இதய ஆபரேஷன் நடந்திருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் இன்றே தேடுங்கள். கிடைத்தால் போட்டோ எடுத்து மூன்று பேர் போனில் வையுங்கள். கிடைக்காவிட்டால் ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள்.

எக்கோ எடுக்கப் போகும்போது கோளாறின் பெயரையும் ஆபரேஷனின் பெயரையும் சொல்லுங்கள். ரிப்போர்ட் கையில் வந்ததும், “நார்மல் எந்த அறைக்கு? வால்வு கசிகிறதா? போன தடவையைவிட எப்படி?” என்ற மூன்றையும் கேளுங்கள்.

படபடப்பு, மயக்கம், படி ஏறும்போது புதிதாக வரும் களைப்பு, கால் வீக்கம் இருந்தால் வயசு, தொப்பை என்று காரணம் தேடாமல் உடனே போங்கள்.

பல்லைச் சுத்தமாக வைத்திருங்கள். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி, செயற்கை வால்வு வைத்த இதயத்தில் போய் உட்காரும். பல் டாக்டரிடம் ஆபரேஷன் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு: வழிபாட்டுக் கூட்டத்தில் குத்துக்காலிடும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆபரேஷன் ஆகி வந்த பிள்ளையைக் கண்ணாடிப் பாத்திரமாக ஓரத்தில் உட்காரவைக்கவும் வேண்டாம். எவ்வளவு ஓடலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்.

உயிரோடிருக்கும் ஃபேலோ குழந்தையின் இதயத்துக்குள்ளேயே போய் முழுதாகச் சரிசெய்தது முதன்முதலில் 1954இல், அமெரிக்காவின் மினசோட்டாவில். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1944இல், பால்டிமோரில் நீலக் குழந்தைகளுக்கு முதல் ஆறுதலாக ஒரு ஆபரேஷனைக் கண்டுபிடித்தார்கள். அதாவது, இந்தப் பிள்ளைகள் வளர்ந்து நடுத்தர வயதைத் தொடுவது என்பதே மனித சரித்திரத்தில் புதிய விஷயம். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று டாக்டர்களே இவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். 1998இல் எனக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதுதான் தப்பு.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். “டீச்சர், இப்பவாச்சும் எல்லாம் முடிஞ்சுதா?” என்று சத்தமாகக் கேட்டார். “இல்லைம்மா, ஜனவரியில எம்.ஆர்.ஐ. இருக்கு” என்றேன். அவன் சிரித்தான்.

இந்தப் பதிவில் உள்ள எல்லாம் அவன் சம்மதத்தோடு எழுதியது. பெயரைக் கண்டுபிடித்து கமென்ட்டில் போடாதீர்கள். அதற்குப் பதில், உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பரணைப் பாருங்கள்.

உங்கள் சயின்ஸ் டீச்சர்